ஒரு தலைக்கு ஒரு வருடச் செலவு

"அண்ணே, ஒரு பேட்ச் எவ்ளோ வரும்?" வழுக்கையை மறைக்க ஒட்டும் ஹேர் பேட்ச் விற்கும் என் கடைக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இப்படித்தான் தொடங்கும். நான் உடனே விலை சொல்வதில்லை. "என்ன வேலை பார்க்கறீங்க தம்பி? பைக்ல போறீங்களா, பஸ்லயா? வீட்டுல போர் தண்ணியா, மெட்ரோ வாட்டரா?" என்று திருப்பிக் கேட்பேன். சிலர் எரிச்சலோடு போனை வைத்துவிடுவார்கள். வைக்காதவர்களிடம் வருடத்துக்கு ஆகும் மொத்தத் தொகையைச் சொல்வேன். ஒரு பேட்சின் விலை அந்தத் தொகையில் பாதிகூட வராது. மீதிப் பணம் எதற்குப் போகிறது என்று தெரியாமல் வாங்குகிறவர்கள், பாதி வருடத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டு, பேட்சைப் பெட்டியில் போட்டுவிட்டு மறுபடி தொப்பிக்குத் திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இன்னும் கொஞ்சம் யோசித்திருந்தால், அதே பணத்தில் நிம்மதியாக முடி வைத்திருக்க முடியும்.

நான் தொழில் கற்றது சாலிகிராமத்தில், சினிமாவுக்கு விக் கட்டும் ஒரு பட்டறையில். அங்கே அதற்கு டோப்பா என்று பெயர். மரத்தலையில் வலையை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு இழையாக எடுத்து முடிச்சுப் போடுவோம். கண் பூத்துப்போகும் வேலை. நெற்றியோரத்தில் ஒரு கண்ணுக்கு ஒரு இழை, பின்னால் போகப் போக இரண்டு, மூன்று. காலையில் ஸ்பிரிட் கம் தடவி நடிகரின் தலையில் ஒட்டுவார்கள். பேக்கப் ஆனதும் கழற்றி, கம்மைத் துடைத்து, மரத்தலையிலேயே திரும்ப மாட்டி வைப்பார்கள். இரவு முழுக்க அதற்கு ஓய்வு. படம் முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. செலவு கம்பெனியுடையது, யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

ஆபீஸுக்குப் போகிறவர் மாட்டும் பேட்சுக்கு அந்த ஓய்வு கிடையாது. அதே மாதிரி வலை, அதே மாதிரி முடிச்சு, ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் தலையில் இருக்கிறது. அதோடு குளிக்கிறார், ஹெல்மெட் போடுகிறார், வியர்க்கிறார், தூங்குகிறார். பேட்சுக்கு வருடக் கணக்கு போட வேண்டியிருப்பதே இதனால்தான். இது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருள் என்று நினைக்காதீர்கள். வீட்டு வாடகையைப் போல மாதா மாதம் வந்து நிற்கும் செலவு இது.

முதலில் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்சில் இருப்பது பெரும்பாலும் நம் ஊர் மனிதர்களின் முடிதான். திருமலையிலும் பழனியிலும் சமயபுரத்திலும் மொட்டை போட்டுக் காணிக்கையாகக் கொடுத்தது. திருமலை தேவஸ்தானம் அதை நீளவாரியாகத் தரம் பிரித்து இணையத்தில் ஏலம் விடுகிறது. கர்நாடகத்தில் கொப்பள் பக்கம், வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கம் என்று முடியைப் பிரித்துச் சீவிக் கட்டும் ஊர்கள் இருக்கின்றன. அங்கிருந்து பெரும்பங்கு சீனாவுக்குப் போய், சிங்தாவ், சூச்சாங் போன்ற நகரங்களின் பட்டறைகளில் வலையில் முடிச்சிடப்பட்டு, பேட்சாக நம்மிடமே திரும்பி வருகிறது. மொட்டை முடியில் வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் ஒரே திசையில் இருக்கும். இதைத்தான் ரெமி என்கிறார்கள். இன்னொரு வகை, சீப்பில் சுருண்டு வருவதைச் சேர்த்து வைத்துத் தெருவில் வருகிறவரிடம் பாத்திரத்துக்கும் பிளாஸ்டிக் சாமானுக்கும் மாற்றிக்கொள்ளும் முடி. அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். முடியின் மேல் மீன் செதிலைப் போல ஒரு படலம் உண்டு. திசை மாறிக் கிடந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு சிக்கு விழும். சிக்கு விழாமலிருக்க, அமிலத்தில் முக்கி அந்தப் படலத்தையே எடுத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசி அனுப்புவார்கள். கடையில் கையில் எடுக்கும்போது பட்டாக இருக்கும். சிலிக்கோன் கழுவிப் போகும் வரைக்கும்தான் அந்தப் பளபளப்பு. அதன்பின் தேங்காய் நார்தான்.

விலை குறைவு என்று இதை வாங்குகிறவருக்கு வருடத்தில் இரண்டு வாங்க வேண்டிவரும். நல்ல ரெமி ஒன்று வாங்கியவரைவிட அவருக்குத்தான் செலவு அதிகம். வாங்கும்போது சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. முடியை நனைத்து, சாதாரண ஷாம்பூ போட்டு, கண்டிஷனர் இல்லாமல் உலரவிட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஒத்துக்கொண்டால் சரக்கு மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பேஸ், அதாவது முடி கட்டப்பட்டிருக்கும் அடித்தளம். மூன்று வகை தெரிந்தால் போதும். மோனோ என்பது கொஞ்சம் தடித்த நைலான் வலை. ஓரத்தில் டேப் ஒட்டுவதற்காக பி.யூ. (பாலியூரித்தேன்) பட்டை வைத்திருப்பார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து முதல் பன்னிரண்டு மாதம் வரும். லேஸ் என்பது மெல்லிய வலை. நெற்றியில் ஒட்டினால் முடி தோலிலிருந்தே முளைத்தது போலத் தெரியும். நாலு முதல் ஆறு மாதம் வரும். மூன்றாவது ஸ்கின், தோல் மாதிரியான மெல்லிய பாலிமர் படலம். 0.03 மில்லிமீட்டர் கனத்தில் வருவது நெற்றியோரம் எங்கே முடிகிறது என்று விரலுக்கே தெரியாத அளவுக்கு இருக்கும். இரண்டு மாதம் தாண்டினால் பெரிய விஷயம். எது கண்ணுக்குத் தெரியவில்லையோ அது சீக்கிரம் கிழியும். இந்தத் தொழிலில் இதற்கு மாற்றே கிடையாது. "சார், ஸ்கின் பேஸ், ரெண்டு வருஷம் வரும்" என்று யார் சொன்னாலும் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என் கடையில் வருகிறவர்களிடம் நான் வாங்கும் விலையை வைத்தே சொல்கிறேன். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும். 8க்கு 6 அங்குல மோனோ பேட்ச் ரூ.12,000. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சர்வீஸ். பேட்சைக் கழற்றி, பழைய டேப்பின் கம்மை ரிமூவர் போட்டு எடுத்து, முடியை அலசி, தலையில் மிச்சமிருக்கும் முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புது டேப் போட்டு ஒட்டி, பக்க முடியை வெட்டிச் சேர்த்துவிட ஒன்றரை மணி நேரமாகும். ஒரு சர்வீஸுக்கு ரூ.700. வருடத்துக்கு 17 முறை என்றால் ரூ.11,900. பேட்சின் விலையே இங்கே இன்னொரு தடவை வந்துவிட்டது பாருங்கள். சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, கண்டிஷனர், சீரம் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.350, வருடத்துக்கு ரூ.4,200. வெயிலில் கறுப்பு முடி செம்பட்டையாகும் என்பதால் இரண்டு தடவை நிறம் ஏற்ற ரூ.1,200. ஆக ரூ.29,300.

இதே மனிதர் லேஸ் கேட்டால், ஒன்று ரூ.14,000 வீதம் வருடத்துக்கு இரண்டு, ரூ.28,000. லேஸுக்கு டேப்பை விட கம்தான் பொருந்தும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து ஒட்ட வேண்டும். ரூ.800 வீதம் 26 முறை, ரூ.20,800. ஷாம்பூவும் நிறமும் முன்பு சொன்னபடி ரூ.5,400. கூட்டினால் ரூ.54,200. ஸ்கின்னைப் பற்றிக் கேட்டால், ரூ.8,000 வீதம் ஆறு என்று பேட்சுக்கு மட்டுமே ரூ.48,000 ஆகிவிடும்.

மோனோவுக்கும் லேஸுக்கும் நடுவே வருடத்துக்கு ரூ.24,900 வித்தியாசம். இந்தப் பணம் எதற்குப் போகிறது? நெற்றியில் முடியைத் தூக்கிச் சீவும்போது ஓரம் தெரியாமலிருப்பதற்கு. அவ்வளவுதான். முடியை முன்னால் இறக்கியோ பக்கவாட்டில் படியவோ சீவுகிறவருக்கு மோனோவின் ஓரம் முடிக்கு அடியில் மறைந்துவிடும். தாம்பரத்திலிருந்து வரும் வங்கி ஊழியர் ஒருவர் நடிகர் ஒருவரின் படத்தைக் காட்டி லேஸ்தான் வேண்டும் என்று உட்கார்ந்தார். "சார், நீங்க எப்பவும் எப்படிச் சீவுவீங்க?" என்றேன். கல்லூரிக் காலப் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். இடது வகிடு, நெற்றியில் விழும் முடி. "இதே மாதிரி வச்சுக்கலாமே, உங்க முகமும் இதுதானே" என்று மோனோ போட்டு அனுப்பினேன். பல வருடங்களாக அதே வகிடுதான். அவர் இத்தனை வருடத்தில் மிச்சப்படுத்தியதில் ஒரு நல்ல பைக் வாங்கியிருக்கலாம். சிகை அலங்காரத்தை முதலில் முடிவுசெய்யுங்கள், பேஸை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள் என்று இதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் சொன்ன ரூ.29,300 ஒவ்வொரு மாதமும் சமமாகப் பிரிந்து வராது. சித்திரையில் கத்திரி வெயில் தொடங்கினால் மூன்று வாரம் தாங்க வேண்டிய டேப் இரண்டு வாரத்தில் ஓரம் தூக்கும். வியர்வை டேப்புக்கு அடியில் போய்க் கம்மைக் குழைத்துவிடும். வெள்ளை வெள்ளையாகப் பிசுபிசுத்து வரும் அது. ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டு சர்வீஸ் கூடுதல் என்று எழுதிக்கொள்ளுங்கள், ரூ.1,400. தை, சித்திரை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் கடையில் கூட்டம் அலைமோதும், அப்போது ஸ்டாக்கில் இருப்பதைத்தான் வாங்க முடியும். ஆடியில் கூட்டம் இருக்காது. அடுத்த வருடத்துக்கான பேட்சை ஆடியில் ஆர்டர் கொடுத்தால், உங்கள் தலை அளவுக்கு, உங்கள் முடியின் அடர்த்திக்கு, உங்கள் நரைக்கு ஏற்ப நிதானமாகச் செய்து வாங்கலாம். விலையும் பேசிக் குறைக்கலாம். நானே குறைத்துக் கொடுப்பேன்.

இதற்கெல்லாம் மேல் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கி வைக்கச் சொல்வேன். அதற்குக் காரணம் இந்தச் சரக்கு வந்து சேரும் வழி. 2020 மார்ச்சில் திருமலையில் தரிசனமே நிறுத்தப்பட்டது. கோயில்களில் மொட்டை நின்றது. சீனாவிலிருந்து பேட்ச் வருவதும் தடைப்பட்டது. 2022 ஜனவரியில் மத்திய அரசு மனித முடி ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. முடி கடத்தலாக வெளியே போவதைத் தடுக்க இங்குள்ள தொழில்துறையினர் கேட்டு வந்த நடவடிக்கைதான் அது. இப்படி எங்கோ நடப்பது நம் கடை விலையில் வந்து நிற்கும். ஆக, கோடைக்கான கூடுதலையும் இந்த ஒதுக்கீட்டையும் சேர்த்தால் மோனோ போடுகிறவர் வருடத்துக்கு ரூ.34,000 என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பேட்சின் ஆயுளைக் குறைக்கும் விஷயங்களைத்தான் நான் போனில் முதலில் விசாரிக்கிறேன். ஹெல்மெட் அதில் முதலிடம். தினமும் கழற்றி மாட்டும்போது நெற்றியோரத்திலும் உச்சியிலும் உரசி, முடிச்சு தளர்ந்து, அந்த இடம் மட்டும் வழுக்கையாகும். பேட்சுக்கே வழுக்கை விழுந்தால் மனிதருக்கு வரும் வேதனையைச் சொல்லி முடியாது. ஹெல்மெட்டுக்கு அடியில் சாட்டின் துணியில் தைத்த குல்லா ஒன்று போட்டால் போதும், ஆயுள் நன்றாகவே கூடும். அதே துணியில் தலையணை உறையும் தைத்துக்கொள்ளலாம். அடுத்தது உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் சிக்கையும் வறட்சியையும் கொண்டு வரும். தலைக்கு மட்டும் கேன் தண்ணீர் இரண்டு சொம்பு கடைசியில் ஊற்றிக்கொள்ளச் சொல்வேன். மூன்றாவது தேங்காய் எண்ணெய். சின்ன வயதிலிருந்து எண்ணெய் வைத்த தலை, கை தானாகப் போகும். எண்ணெய் டேப்பைக் கழற்றும், முடிச்சை நழுவவிடும். பேட்ச் முடிக்கு வேரில்லை, எண்ணெய் சுரக்காது, வறளும் என்பது உண்மைதான். அதற்கு நுனியில் மட்டும் இரண்டு சொட்டு சீரம் போதும். வழுக்கைக்கு மினாக்ஸிடில் தடவிக்கொண்டே டேப் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மருந்தின் ஈரத்தில் டேப் நிற்காது. இரண்டு செலவும் வீணாகும்.

"கிளிப் போட்டுக் கொடுங்கண்ணே, சர்வீஸே வேணாம்" என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கில் பார்த்தால் அது கவர்ச்சியாகத்தான் இருக்கும். நாமே காலையில் மாட்டி இரவில் கழற்றலாம், மாதச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கிளிப் பிடித்து நிற்பது உங்கள் சொந்த முடியில். தினமும் அதே இடத்தில் இழுபட்டால் அந்த வேர் பலவீனமாகி முடி உதிரும். வழுக்கை கிளிப்பைத் தாண்டிப் பரவும். 8க்கு 6 போதுமாயிருந்த தலைக்கு 9க்கு 7 வேண்டிவரும். விலையும் கூடும், கிளிப் மாட்ட இடமும் இருக்காது. கல்யாணம், இன்டர்வியூ என்று எப்போதாவது மாட்டுகிறவருக்கு கிளிப் நல்லது. தினமும் மாட்டுகிற ஆண்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை.

செலவைக் குறைக்க உண்மையில் உதவுவது வீட்டில் தானே சர்வீஸ் செய்யப் பழகுவது. ஊரடங்கில் கடை பூட்டியிருந்தபோது வீடியோ காலில் ஒவ்வொருவராகச் சொல்லிக் கொடுத்தேன். அதன்பின் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புகிறேன். 8க்கு 6 பேட்சின் சுற்றளவு 28 அங்குலம். நடுவில் இரண்டு துண்டு குறுக்கே வைத்தால் எட்டு அங்குலம். ஒரு தடவைக்கு ஒரு கெஜம் டேப். மூன்று கெஜச் சுருள் மூன்று தடவைக்கு வரும். ரூ.750 சுருள் என்றால் தடவைக்கு ரூ.250, ரிமூவருக்கு ரூ.100. ஆக ரூ.350. கடைக் கூலியில் பாதி. ஆனால் பக்க முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பேட்ச் முடி வளராது. வெட்டிச் சேர்க்காவிட்டால் இரண்டும் வேறு வேறு என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அதனால் ஒன்றுவிட்டு ஒன்று கடைக்கு வாருங்கள் என்பேன். இப்படிச் செய்தால் 17 சர்வீஸில் எட்டு வீட்டில் நடக்கும், வருடத்துக்கு ரூ.2,800 மிச்சம். ஆவடியிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு வண்டிச் செலவும் அரைநாள் லீவும் மிச்சம். தொழில் செய்கிற நீங்களே இப்படிச் சொல்லலாமா என்று சக தொழிலாளிகள் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் செய்யத் தெரிந்தவர் பத்து வருடம் என்னிடம் வருவார். தெரியாதவர் ஒரு வருடத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிடுவார்.

முதல்முறை டேப்போ கம்மோ போடுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துண்டு ஒட்டி இரண்டு நாள் பார்ப்பது அவசியம். சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் சிவந்து தடிக்கும். தோல் மருத்துவருக்கும் களிம்புக்கும் ஆகும் செலவு இந்தக் கணக்கிலேயே இல்லாத செலவு.

இரண்டாவது பேட்ச் வாங்கச் சொன்னால் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு வருடத்துக்கு வரும். மொத்தச் செலவு ஏறாது, முதல் வருடம் மட்டும் கை கடிக்கும். ஒரே பேட்ச் வைத்திருப்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். திடீரென்று ஒரு நாள் நெற்றி லேஸ் கிழிகிறது, மறுநாள் ஆபீஸ். கடைக்கு ஓடி வருவார். கையிலிருப்பது நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், அடர்த்தி அதிகமாக இருக்கும். ஆனாலும் அதைத்தான் வாங்கியாக வேண்டும். பேரம் பேசும் நிலையில் அவர் இல்லை. அந்த அவசரத்தைப் பயன்படுத்திக்கொள்கிற கடைகள் நிறைய.

வருடம் முழுக்க இலவச சர்வீஸ் என்று மொத்தமாக ரூ.40,000, ரூ.50,000 வாங்கிக்கொள்ளும் திட்டங்களையும் பார்க்கிறேன். இன்னொரு கடையில் அப்படி முன்பணம் கட்டியவர்கள், ஆறு மாதத்தில் அந்தக் கடை பூட்டியதும் என்னிடம் வந்திருக்கிறார்கள். இப்படி வந்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. சர்வீஸுக்கு அந்தந்த முறை பணம் கொடுப்பதே நல்லது. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம்.

கணக்கில் எழுத முடியாத மாதங்களும் வரும். அப்பா தவறிய செய்தி கேட்டு ஊருக்குக் கிளம்பும் வழியில் கடைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். காரியத்தில் மொட்டை போட வேண்டும். நாவிதர் முன்னால், பங்காளிகள் கூட்டத்தில், ஒட்டிய பேட்சோடு போய் உட்கார முடியாது. "அண்ணே, கழற்றி விடுங்க" என்பார்கள். அழுதுகொண்டே இருக்கும் மனிதரின் தலையில் ரிமூவர் தடவி, இழுக்காமல், மெதுவாகப் பிரித்தெடுப்பேன். அதற்கு எப்போதும் கூலி வாங்கியதில்லை. மொட்டைக்குப் பிறகு பக்க முடி பேட்சோடு சேரும் அளவுக்கு வளர மூன்று மாதமாவது ஆகும். பேட்சை அலசி, உலர்த்தி, பெட்டியில் வைத்துக் கொடுப்பேன். பழனிக்கு நேர்ந்துகொண்டவர்களும் இப்படித்தான். அந்த மூன்று மாதத்தில் வெறும் தலையோடு ஆபீஸ் போய்ப் பழகி, பெட்டியைத் திறக்கவே இல்லை என்று பிற்பாடு வந்து சொன்னவர்களும் உண்டு. மனசுக்கு நிறைவாக இருக்கும். முடி வைத்துக்கொள்வதும் இல்லாமலிருப்பதும் அவரவர் விருப்பம். கடன் வாங்கி வைத்துக்கொள்வதுதான் கூடாது.

கீமோ எடுப்பவர்களுக்கு வேறு கணக்கு. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அவர்களுக்கு முடி திரும்ப முளைக்கத் தொடங்கும். தலைத்தோலும் மென்மையாக, எளிதில் புண்ணாகும் நிலையில் இருக்கும். டேப், கம் எதுவும் அருகில் வரக்கூடாது. பருத்தித் துணி உள்வைத்த சாதாரண விக் ஒன்று போதும். விலை உயர்ந்ததை எடுத்துக் காட்டும் கடையில் நிற்காதீர்கள். பெண்கள் உச்சியில் மாட்டும் டாப்பருக்கும் கணக்கு வேறு. அது கிளிப்பில்தான் நிற்கும். இரவில் கழற்றிவிடுவதால் ஒன்றரை, இரண்டு வருடம் வரும். அங்கே விலையைத் தீர்மானிப்பது முடியின் நீளம். தினமும் பின்னிப் போடுகிறவருக்கு இடுப்பு வரைக்கும் நீளம் எதற்கு? தோள் தாண்டிக் கொஞ்சம் இருந்தால் சொந்தப் பின்னலோடு சேர்ந்துகொள்ளும்.

நரை இன்னொரு விஷயம். நாற்பத்தைந்து வயதுக்காரர் கருகருவென்ற பேட்ச் கேட்பார். கொடுத்தால், காதோர நரையை மறைக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாயம் பூச வேண்டும். அந்தச் சாயம் பேட்சிலும் படும், முடி முரடாகும். நூற்றுக்குப் பதினைந்து, இருபது நரை கலந்த பேட்ச் போட்டுவிட்டால் சாயமே வேண்டாம். பேட்சில் வரும் நரை பெரும்பாலும் செயற்கை இழை, அதனால் அதன் நிறம் மங்காது. பார்ப்பவர்களும் நம்புவார்கள். நரையோடு முடி இருப்பவரைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை.

இருபத்தைந்து வயதில் தொடங்குகிறவர்களிடம் பத்து வருடக் கணக்கையும் சொல்லிவிடுவேன். வருடத்துக்கு ரூ.34,000 என்றால் இன்றைய விலையிலேயே ரூ.3,40,000. பின்தலையில் அடர்த்தியாக முடி உள்ள சிலருக்கு முடி மாற்று அறுவை சிகிச்சை இதைவிடக் குறைவாக முடியலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவர் தோல் மருத்துவர். முதலில் அவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். நெற்றியிலிருந்து பிடரி வரை போய்விட்டவர்களுக்கு நட்டு வைக்கப் போதிய முடி கிடைக்காது, அவர்களுக்கு பேட்ச்தான் வழி. என் அளவுகோல் ஒன்றே ஒன்று. வருடச் செலவு உங்கள் கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தினசரி பேட்ச் உங்களுக்கு வேண்டாம். விசேஷங்களுக்கு மட்டும் கிளிப் வையுங்கள், அல்லது ஒட்ட வெட்டிக்கொண்டு நிமிர்ந்து நடங்கள். சம்பளம் ஏறட்டும், அப்போது வாருங்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு தாளைக் கொடுத்து, இந்த பேட்ச் என் தலையில் எத்தனை மாதம் நிற்கும், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சர்வீஸ், ஒரு சர்வீஸுக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவரிடம் வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.